வீட்டுக்குச் சீர் செய்தவர்

எங்கள் எதிர்வீட்டு மாமாவோடு காபி கிளப்புக்குப் போனவர்கள் யாரும் காசு கொடுத்துத் திரும்பியதில்லை. அப்பா மட்டும் ஒரே ஒரு தடவை ஜெயித்தார். உள்ளே நுழையும்போதே கல்லாவில் இருந்தவர் கையில் ரகசியமாக ஒரு ரூபாயைத் திணித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டார். சாப்பிட்டு முடித்து மாமா கல்லாவுக்குப் போனார். "வாத்தியார் அப்பவே குடுத்துட்டாருங்க" என்றார் கல்லாக்காரர்.

அப்போது மாமா திரும்பிப் பார்த்த பார்வையை அப்பா பல வருஷம் சொல்லிச் சிரிப்பார். "கன்னத்துல அறைஞ்சவனப் பாக்குற மாதிரில்ல பாத்தாரு!" அதற்கப்புறம் ஒரு வாரம் எங்கள் வாசலுக்கு அவர் வரவில்லை. பிறகு நத்தத்திலிருந்து வந்த பஸ்ஸின் கூரையிலிருந்து ஒரு கூடை மாம்பழம் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தது. கூடையோடு பேச்சும் திரும்பி வந்தது. இரண்டு இட்லிக்கும் ஒரு காபிக்கும் ஒரு கூடை மாம்பழம்!

அவரை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. எழுத உட்கார்ந்தால் அந்தச் சிரிப்பு என்னோடு வந்து உட்கார மாட்டேன் என்கிறது.

மாமா என்றால் உறவில்லை. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், அவர்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். நடுவில் ஒரு தெரு, அவ்வளவுதான். அவர் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு கம்பெனிக்கு புக்கிங் ஏஜென்ட். நெட்டையான உடம்பு, காதுக்குமேல் பென்சில், கழுத்துப் பொத்தான் வரை மாட்டிய வெள்ளைச் சட்டை. டிக்கெட்டுக்கு இரண்டணா குறைகிறது என்று யாராவது மடியைத் தடவினால், அவர் கை அவர் சட்டைப் பைக்குள் போய்விடும். "ஏறுங்கப்பு, ஏறுங்க. அது நம்ம பக்கம்."

இந்த "நம்ம பக்கம்" அவர் வாயில் எப்போதும் இருக்கும். செலவு என்று ஒன்று எங்கே முளைத்தாலும் அதைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார். அத்தை, அதாவது அவர் சம்சாரம், குள்ளமான மனுஷி. நாக்கு மட்டும் குள்ளம் இல்லை. "இவுக பக்கம் மட்டும் ரயில் ரோடு மாதிரி நீண்டு கெடக்கு. மத்தவுக பக்கமெல்லாம் சாண் அகலத்துல முடிஞ்சு போகுது, பாத்தியா?" என்பாள். அவர் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. அதனால் அந்த வீட்டில் பேச்சும் சிரிப்பும் இரண்டு பேருக்குள்ளேயே போய் வந்துகொண்டிருந்தன.

கொடுக்கிறவரைப் பிடிக்காதவர்கள் யார் இருக்கிறார்கள்? ஆனால் என் அம்மாவுக்கு அவர்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அவருக்கு விஷக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். அத்தையும் கூடவே சுருண்டுவிட்டாள். அம்மா நொய்க்கஞ்சி காய்ச்சி, ஒரு தூக்குச் சட்டியில் ஊற்றி, தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையலும் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தத் தூக்குச் சட்டி திரும்பி வந்துவிட்டது. கழுவித் துடைத்து, கழுத்து வரை சர்க்கரை நிரப்பி. கொண்டுவந்தது யார் தெரியுமா? அவரேதான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பல் கிடுகிடுக்க, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா சர்க்கரையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். "நோவுல கெடக்குறவுகளுக்கு ஒரு வாக் கஞ்சி குடுத்தோம்ங்கிற புண்ணியத்தக்கூட நம்ம கையில விட மாட்டேங்குறாரே மனுசன்" என்றாள். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. அம்மாவுக்குக் குறை சொல்ல ஏதாவது வேண்டும் என்று நினைத்தேன்.

மாமாவின் வீடு விற்பனைக்கு வந்ததுக்கும் அந்தக் கைதான் காரணம். கம்பெனி டிரைவர் ஒருவர் சொந்தமாக லாரி வாங்குகிறேன் என்று கடன் வாங்கினார். ஜாமீன் கையெழுத்து யார் போடுவது என்று பேச்சு வந்தது. நம்ம பக்கம்! லாரி ஒரு வருஷம் ஓடியது. அப்புறம் டிரைவரையும் காணோம், லாரியையும் காணோம். கொழும்புக்குப் போய்விட்டார் என்றார்கள். கடன் கொடுத்தவர் மாமாவின் வாசலில் வந்து நின்றார். வட்டியோடு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

மாமா ஓடிப்போனவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. "அவனுக்கு என்ன நெருக்கடியோ" என்றார். அத்தைதான் அவருக்கும் சேர்த்துத் திட்டினாள். திட்டி முடித்து, மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, "வீட்டக் குடுத்துருவோம். கடன் போக மிச்சத்துல சின்னதா ஒண்ணு வாங்கிக்கிருவோம். ஆனா அது எம் பேருல இருக்கணும்" என்றாள். மாமா உடனே சம்மதித்தார். "ஒம் பேருக்கே எழுதிருவோம்."

தன் பேரில் ஒரு வீடு! ரேஷன் கார்டில்கூட அவள் இரண்டாவது வரிதான். அந்த ஒரு பேச்சுக்கு அப்புறம் அத்தை நடக்கிற நடையே வேறாக இருந்தது.

எனக்கு அப்போது டீச்சர் டிரெயினிங் முடிந்து, வேலைக்கு ஆர்டர் வரவில்லை. சும்மா இருக்க முடியாத ஜன்மம் நான். முந்தின மாதம் ஹிந்திப் பரீட்சைக்குப் படித்தேன். அதற்கு முந்தி பெடல் தையல் மெஷினைக் கழற்றிப் பார்த்தேன், திரும்ப மாட்டத்தான் ஆள் கூப்பிட வேண்டியிருந்தது. இந்த மாதம் வீடு விற்பது. ஒரு வீடு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு எப்படிப் போகிறது? வழியில் யார் யார் எதை எதை எடுத்துக்கொள்கிறார்கள்? தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் ரிஜிஸ்தர் ஆபீஸ் பக்கத்தில் பெட்டி போட்டு உட்கார்ந்து பத்திரம் எழுதினார். அவரிடம் போய் நின்றேன்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா இந்த வெவரம்?"

"நாளைக்கு நானும் வீடு வாங்குவேன்ல?"

"அதுக்கு முன்னாடி மாப்பிள்ளையில்ல வாங்கணும்!" என்று சிரித்துவிட்டு, பிறகு சொன்னார். விற்கிறவன் வீட்டை வில்லங்கம் இல்லாமல் கொடுக்க வேண்டும். கிரயத் தேதி வரைக்கும் உள்ள வரி பாக்கியும் அவன் கட்டித் தீர்க்க வேண்டும். முத்திரைத் தாள், ரிஜிஸ்தர் கட்டணம், எழுத்துக் கூலி எல்லாம் வாங்குகிறவன் பாடு. அந்த வீட்டின்மேல் பழைய அடமானம் ஏதும் உண்டா என்று ஆபீஸில் தேடிப் பார்க்கிற செலவும் அவனுடையதுதான். "பயப்படுறவன்தான தேடணும்?" தரகு மட்டும் இரண்டு பக்கமும். அவரவர் பங்கை அவரவர் கொடுக்க வேண்டும்.

"இத மாத்திப் பேசிக்கிறலாமா?"

"பேசிக்கிறலாம். பேசுனா பேசுனதுதான். ஆனா எந்தக் கிறுக்கன்மா அடுத்தவன் செலவத் தூக்கித் தன் தலையில வச்சுக்கிருவான்?"

ஓடிவந்து அத்தையிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கவனமாகக் கேட்டாள்.

"அப்ப வெலைங்கிறது நெல்லு மாதிரி. குத்திப் பொடைச்சாத்தான் அரிசி எம்புட்டுன்னு தெரியும்."

"ஆமா அத்தை."

"நம்ம வாங்குற எடத்துல?"

"அங்க நம்ம வாங்குறவுக. முத்திரை, ரிஜிஸ்தர் எல்லாம் நம்மதான் கட்டணும்."

"இங்கிட்டு உமி போகும். அங்கிட்டு நெல்லுக்கு மேல சாக்குக்கும் காசு குடுக்கணும். அப்படித்தான?" என்றாள். அப்படியேதான்.

வாங்குகிற இடம் மேட்டுப்பட்டியில். எங்கள் கோயில் பக்கத்தில் ஒரு விதவையம்மா மதுரையில் மகனோடு இருக்கப் போவதால் விற்க நினைத்தார்கள். ஓட்டு வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்பக்கம் பங்குக் கிணறு. மூவாயிரம் சொன்னார்கள். நானும் அத்தையும் போய்ப் பார்த்தோம். அத்தை வீட்டுக்குள் போனதும் பேச்சை நிறுத்திவிட்டாள். அடுப்படியில் முழங்கையால் அளந்து, "ஆட்டுரல இங்கிட்டுப் போடலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். பிறகு மேட்டுப்பட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேற யாருக்கும் சொல்லிராதீக" என்றாள். வளையல் ஒன்றை விற்று இருநூறு ரூபாய் அச்சாரம் கொடுத்தாயிற்று. பங்குனி முடிவதற்குள் மீதியைக் கொடுத்துப் பத்திரம் முடிக்க வேண்டும். தவணை தப்பினால் அச்சாரம் போய்விடும்.

பேகம்பூரில் தோல் வியாபாரம் பார்க்கும் ஒரு பாய், மாமா வீட்டுக்கு ஆறாயிரம் சொல்லியிருந்தார். நானும் அத்தையும் உட்கார்ந்து கூட்டிக் கழித்தோம். கடன் போக, விற்கிறவர் பங்குத் தரகும் வரி பாக்கியும் போக, மேட்டுப்பட்டியில் வாங்குகிற செலவெல்லாம் போக, நாற்பது ரூபாய் கையில் நிற்கிறது. "நாப்பது ரூவா! ஒரு கோழிக்கூடு போட்ருவேன்" என்றாள் அத்தை. அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் உலகத்தில் எதையும் கணக்குப் போட்டு ஜெயித்துவிடலாம் என்று இருந்தது.

பேச்சு முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாமா வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். மாமா, பாய், தரகர், நடுவில் என் அப்பா. நானும் அத்தையும் உள்ளறைக் கதவுக்குப் பின்னால்.

விலை ஒரே பேச்சில் முடிந்தது. பாய் கண்ணியமான மனுஷர். "சொன்னது ஆறு. ஆறுக்குக் கீழ நானும் பேசல, மேல நீங்களும் பேச வேணாம்ணே" என்றார். தரகர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "சந்தோசம். அப்ப என்னோட தரகு நூத்துக்கு ரெண்டு, ரெண்டு பக்கமும்..." என்று ஆரம்பித்தார்.

"ரெண்டு பக்கம் எதுக்கு? எல்லாம் நம்ம பக்கம்" என்றார் மாமா.

உள்ளே அத்தை என் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, எம் பங்கு நான் குடுத்துக்கிறேன்" என்றார் பாய்.

"நீங்க எதுக்கு பாய்? நம்ம வீட்டுக்கு வர்றீக."

"சரி. பத்திரச் செலவு நான் பாத்துக்கிறேன். நாளைக்கே முத்திரைத் தாளுக்குப் பணம்..."

"அதுவும் நம்ம பக்கம்."

பாய் அப்பாவைப் பார்த்தார். தரகருக்கு ஆச்சரியத்தில் வாய் மூடவில்லை. "வாத்தியாரே, இருவது வருசமா தரகு பாக்குறேன். விக்கிறவன் முத்திரை கட்டி நான் கண்டதில்ல. இவரு மாதிரி ஊருக்கு ரெண்டு பேர் இருந்தா நான் மாடி வச்சுக் கட்டிருப்பேன்!"

அத்தை பக்கத்தில் இருந்த சொம்பைத் தரையில் டணார் என்று வைத்தாள். பாய் நிமிர்ந்து பார்த்தார். "பூனையாட்டம் இருக்கு" என்றார் மாமா.

அப்பா பொறுக்க முடியாமல் கேட்டார். "இங்க பாருங்க, அது வழக்கமும் இல்ல, சட்டமும் இல்ல. எதுக்கு இப்படிச் செய்றீங்க?"

அதற்கு மாமா சொன்ன பதில் எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது. ரொம்ப மெதுவாக, வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்.

"எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்திருந்தா, கட்டிக் குடுக்குறப்ப மாப்பிள்ள வீட்டுக்காரவுகளச் செலவு பண்ண விடுவோமா வாத்தியாரே? குடுக்குறது இந்த ஒண்ணுதான். நெறைவாக் குடுத்துட்டுப் போறேனே."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். என் கையைப் பிடித்திருந்த அத்தையின் பிடி தளர்ந்தது. பிள்ளையில்லாத குறையை அவர் வாய்விட்டுச் சொல்லி அவள் அதுவரை கேட்டதே இல்லையாம். அதைக் கேட்டபின் எந்த வாயால் அவள் நாற்பது ரூபாய்க் கணக்கைச் சொல்வாள்?

அப்புறம் நடந்ததெல்லாம் கல்யாணம்தான். வேறு பெயர் இல்லை அதற்கு. விற்கப் போகிற வீட்டுக்கு வெள்ளையடித்தார். ஆடிக்கொண்டிருந்த ஜன்னல் கதவுக்குப் புதுக் கீல் போட்டார். பொம்பளைப் பிள்ளைகளுக்கும் சொத்தில் பங்கு என்று புதுச் சட்டம் வந்திருந்த நேரம், தங்கைமார் கையெழுத்தும் இருந்தால் பின்னால் பேச்சு வராது என்று பத்திரம் எழுதுகிறவர் சொன்னார். வெளியூரில் இருந்த மூன்று தங்கைமாரும் வந்து இறங்கினார்கள். கையெழுத்துப் போட வந்தவர்களுக்குச் சுங்கடிச் சேலை, அவர்கள் புருஷன்மாருக்கு வேஷ்டி. வந்தவர்கள் தங்கியிருந்தவரை மூன்று வேளையும் இரண்டு வெஞ்சனத்தோடு சாப்பாடு. "மாமா, மேட்டுப்பட்டிக்குப் பணம் பத்தாது" என்று நேராகவே சொல்லிப் பார்த்தேன்.

"டீச்சரம்மா, நீங்க இன்னும் பள்ளிக்கூடத்துக்கே போகல. அதுக்குள்ள எனக்குக் கணக்கா?" என்று என் தலையில் தட்டினார். "வர்ற எடத்துல வரும். பேசாம இருங்க."

பத்திரம் பதிந்த அன்றைக்கு நானும் ஆபீஸுக்குப் போயிருந்தேன். அதிகாரி தலை நிமிராமல், "கிரயத் தொகை பூரா வந்துச்சா?" என்று கேட்டார். "வந்துச்சுங்க" என்றார் மாமா. கையெழுத்துப் போட்டார், விரலை மையில் ஒற்றி ரேகை வைத்தார். தங்கைமார் மூன்று பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். சாட்சிக்கு வந்தவர்கள், எழுதினவர், தரகர், பாயோடு வந்தவர்கள் என்று அத்தனை பேருக்கும் ஹோட்டலில் இலை போட்டுச் சாப்பாடு. பாய் பணத்தை எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு ஓடிப் பார்த்தார். முடியுமா? மாமா காலையிலேயே வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

சாயங்காலம் சாவி கொடுத்தார்கள். பாய் தன் தாயாரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மாமா ஒரு தாம்பாளத்தில் தேங்காய், பழம், கற்கண்டு, பூ எல்லாம் வைத்து, நடுவில் சாவியை வைத்து நீட்டினார். அந்த முதிய அம்மா இரண்டு கையாலும் வாங்கினார்கள். அவர்களுக்கும் கண் கலங்கிவிட்டது. "எங்க வீட்டுப் பிள்ளையா வச்சுப் பாத்துக்கிறோம், நீங்க கவலப்படாம போங்க" என்றார்கள். அந்த நேரத்தில் மாமாவின் முகம் இருந்ததே, அப்படி ஒரு நிறைவை நான் அதற்கு அப்புறம் எந்த மனுஷர் முகத்திலும் பார்த்ததில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவர் அழகாக இருந்தார்.

அத்தை ஜட்காவில் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். ஆட்டுரல் அவள் காலடியில் கிடந்தது. அவள் வீட்டைப் பார்க்கவில்லை, குதிரையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேட்டுப்பட்டி முடிகிற வரைக்கும் என்று எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் சாமானை இறக்கினார்கள். பத்திரச் செலவு நானூறைத் தொட்டிருந்தது. பாய் பங்குத் தரகு, சேலை, வேஷ்டி, சாப்பாடு, வெள்ளையடிப்பு. மேட்டுப்பட்டிக்கு அறுநூறு ரூபாய்க்குமேல் துண்டு விழுந்தது. பங்குனி முடியப் போகிறது.

எப்படியோ விஷயம் பாய் காதுக்குப் போய்விட்டது. தரகர் வாய்தான், வேறு யார்! ஒரு காலையில் பாய் நேராக வாடகை அறைக்கு வந்தார். அப்பாவையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தார், அப்பாவோடு நானும் போனேன். துண்டில் முடிந்திருந்த பணத்தை மாமாவின் முன்னால் வைத்தார்.

"அண்ணே, இது முத்திரைக்கும் ரிஜிஸ்தருக்கும் தரகுக்கும் நான் குடுக்க வேண்டியது. ஒங்க காசு இல்ல. என் காசுதான் இத்தன நாளும் ஒங்ககிட்ட இருந்துச்சு. எங்க மார்க்கத்துல கடன வச்சுட்டுக் கண்ண மூடக் கூடாது. எனக்காக எடுத்துக்கங்க."

எவ்வளவு அழகாகச் சொன்னார்! இவரை நோகடிக்காமல் கொடுக்க வழி தேடி, வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார். பாக்கி சில்லறைக்கு அத்தையின் காதுத் தோடு இருந்தது. அறுநூறு நிறைந்துவிடும். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

மாமா துண்டைத் தொடவில்லை. "சீர் வச்சத எவனாச்சும் திருப்பி வாங்குவானா பாய்?"

"வாங்குங்கப்பா" என்றார் அப்பா. "பெருமைய விடுங்க. அவரு ஒண்ணும் தர்மம் குடுக்கல."

"இந்தக் கை வாங்கிப் பழகலையே வாத்தியாரே."

அப்போது அடுப்பு மூலையிலிருந்து அத்தை எழுந்து வந்தாள். ஆண்கள் பேசுகிற இடத்துக்கு அவள் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"எங்கிட்டக் குடுங்க தம்பி. எனக்கு வாங்கத் தெரியும்."

பாய் எழுந்துவிட்டார். துண்டை எடுத்து, அவள் முந்தானையில் போடக் குனிந்தார்.

மாமா சத்தம் போடவில்லை. கோபப்படவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "வாங்கிக்க. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இந்த ஊர்ல அதுக்கப்புறம் எனக்கு இருப்பு இல்ல" என்றார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, கழுத்துப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். பொத்தான் துளைக்குள் போகாமல் விரலிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது.

அத்தை அந்த விரலைப் பார்த்தாள். விரித்த முந்தானை அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். "செத்த இருங்க, காபி போடுறேன்" என்று அடுப்பு மூலைக்குப் போய்விட்டாள்.

பாய் காபியைக் குடித்துவிட்டு, பணத்தைத் திரும்பத் துண்டோடு எடுத்துக்கொண்டார். போகும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

மேட்டுப்பட்டி அம்மா நல்லவர்கள். தவணை தப்பியும் பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். அச்சாரத்தில் பாதியையாவது வாங்கிக்கொள்ளச் சொல்லி எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். மாமாவிடம் சொன்னோம். "வாக்குத் தப்புனது நம்ம பக்கம். அவுகளுக்கு எதுக்கு நட்டம்?" என்று சொல்லிவிட்டார். மிச்சமிருந்த பணம் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். கையில் காசு இருக்கிற மாமாவைச் சுற்றி எத்தனை பேருக்கு நெருக்கடி வராது!

எனக்குக் கோபம் ஆறவே இல்லை. அம்மா அன்றைக்குச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொடுத்துக்கொண்டே இருக்கிறவர் மற்ற எல்லோரையும் வாங்குகிறவர்களாகவே நிறுத்திவைக்கிறார். கூட வாழ்கிறவளிடமிருந்தோ எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். இதை அவரிடம் சொல்லிச் சண்டை போட வேண்டும் என்று வார்த்தைகளையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். போய் நின்றால், "வாங்க டீச்சரம்மா, ஆர்டர் வந்துருச்சாமே!" என்று எனக்கு ஒரு பவுண்டன் பேனா வாங்கி வைத்திருந்தார். நான் என்ன சண்டை போடுவது? அந்தப் பேனாவைப் பிடித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை.

நான் நத்தம் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். அவர்கள் வீடு மாறி வீடு மாறி, பழைய தெருவுக்கு ரொம்பத் தூரம் போய்விட்டார்கள். பஸ் கம்பெனி கைமாறியபோது அவர் வேலையும் போனது. போன வருஷம், என்னோடு வேலை பார்க்கிற டீச்சர் ஒருவரின் கல்யாணத்துக்காக வத்தலக்குண்டு போயிருந்தேன். பஸ்ஸுக்கு நின்றபோது யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள். திரும்பினால் அத்தை. நெற்றி வெறுமையாக இருந்தது. காதில் தோடு இல்லை, துவாரம் மட்டும் நீண்டு தொங்கியது.

சேவுகம்பட்டியில் தம்பி வீட்டில் இருக்கிறாளாம். "தொழுவத்த ஒட்டி ஒரு சாய்ப்பு எறக்கிக் குடுத்துருக்கான். ஒண்ணும் கொறையில்ல தாயி" என்றாள். மாமா இறந்து ஒரு வருஷம் ஆகப் போகிறதாம். எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

எதையும் கேட்காமல் இருக்கத் தெரியாதவள் அல்லவா நான்? கேட்டுவிட்டேன். "மாமா மேல ஒங்களுக்குக் கோவம் இல்லையா அத்தை?"

எதிரே ஒரு பஸ்ஸிலிருந்து பூக்கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தை அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இருந்துச்சு. ஏன் இல்லாம? நாலு வீடு மாறுனோம். ஒவ்வொரு வீட்டுலயும் ஆட்டுரலப் போட எடம் தேடுறப்பெல்லாம் வரும். கடைசி வீட்டுக்குப் போனப்ப அவுகளுக்குக் கண்ணு மங்கிருச்சு தாயி. வெள்ளன எந்திரிச்சு வாசலுக்குப் போறேன்னு போவாக. நம்ம பழைய வீட்டுல வாசல் எடக்கைப் பக்கம்ல? அங்கிட்டே போயிச் செவுத்தத் தடவிக்கிட்டு நிப்பாக. தாழ்ப்பாள் எங்கன்னு தேடுவாக. வாய்விட்டுக் கேக்க மாட்டாக. நான் எந்திரிச்சுப் போயி, 'இந்த வீட்டுல வாசல் இங்கிட்டு'ன்னு கையப் பிடிச்சுக் கூட்டியாருவேன்."

அத்தை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அப்ப மட்டும் வேணாம்னு சொன்னதில்ல தாயி. பேசாம கூடவே வருவாக."